சமையலறைத் திரைச்சீலையும் சாய்ந்த சக்கரங்களும்

1918ஆம் ஆண்டு சுரங்கம் ஒன்று சரிந்ததில் ஹெர்பர்ட் எவரெஸ்ட் என்ற அமெரிக்கப் பொறியாளரின் முதுகெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்ததே அதிசயம். அந்தக் காலத்தில் தண்டுவடம் அடிபட்டவர்களில் பெரும்பாலானோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீர்த் தொற்றாலும் ஓரிரு ஆண்டுகளுக்குள் இறந்துபோனார்கள். எவரெஸ்ட் தப்பினார். நடமாட ஒரு சக்கர நாற்காலியும் கிடைத்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு வீட்டு வாசலைத் தாண்டுவதற்குள் புதிதாக ஒரு சிக்கல் முளைத்தது. அந்த நாற்காலி காருக்குள் நுழையவில்லை.

அன்றைய சக்கர நாற்காலிகள் மரத்தாலும் பிரம்பாலும் செய்தவை. சாய்வு நாற்காலிக்குச் சக்கரம் மாட்டியதுபோல அகலமாக, மடக்க வழியில்லாமல் இருந்தன. எவரெஸ்டுக்கு ஹாரி ஜென்னிங்ஸ் என்றொரு நண்பர் இருந்தார். அவர் இயந்திரப் பொறியாளர். 1930களின் தொடக்கத்தில், லாஸ் ஏஞ்சலிஸில் தன் வீட்டுக் கார் கொட்டகையில் அவர் வேலையை ஆரம்பித்தார். மரத்துக்குப் பதில் எஃகுக் குழாய், பலகைக்குப் பதில் துணி இருக்கை, இரண்டு பக்கச் சட்டங்களுக்கும் நடுவே எக்ஸ் எழுத்தைப்போலக் குறுக்கே பின்னிய இரண்டு குழாய்கள். இருக்கையின் நடுவில் பிடித்து மேலே இழுத்தால் மொத்த நாற்காலியும் பக்கவாட்டில் மடிந்து ஒட்டிக்கொண்டது. காருக்குள் நுழைந்தது.

1937இல் காப்புரிமை கிடைத்தது. ‘எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ்’ என்ற நிறுவனம் வளர்ந்தது. இரண்டாம் உலகப் போர் முடிந்து, அடிபட்ட வீரர்கள் ஆயிரக்கணக்கில் திரும்பியபோது அவர்களுக்குக் கிடைத்தது இந்த நாற்காலிதான். நம் ஊர் அரசு மருத்துவமனை வராந்தாவில் இன்றும் உருள்கிற நாற்காலி இதன் நேர் வாரிசு. எடை இருபத்திரண்டு கிலோவுக்கு மேல். முதுகுப் பக்கம் இரண்டு கைப்பிடிகள். உட்கார்ந்திருப்பவர் தானாக எங்கும் போகமாட்டார், பின்னால் ஒருவர் நின்று தள்ளுவார் என்பதை அந்தக் கைப்பிடிகள் சொல்லாமல் சொல்லின. உட்கார்ந்திருந்தவர்களோ வேறொன்றை நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

ஜெர்மனியின் பிரெஸ்லாவ் நகரில் புகழ்பெற்ற நரம்பியல் அறுவை மருத்துவராக இருந்தவர் லுட்விக் குட்மன். யூதர். 1939இல் குடும்பத்தோடு தப்பி இங்கிலாந்து வந்து சேர்ந்தார். 1944 பிப்ரவரியில் ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனையில் தண்டுவடக் காயத்துக்கென ஒரு பிரிவைத் தொடங்கும் பொறுப்பு அவரிடம் வந்தது. மற்ற மருத்துவர்கள் கைவிட்ட நோயாளிகள் அங்கே வந்து சேர்ந்தார்கள். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவர்களைப் புரட்டிப் படுக்கவைக்கச் சொன்னார் குட்மன். புண் ஆறியது, தொற்று குறைந்தது, இளைஞர்கள் சாகாமல் பிழைத்தார்கள். பிழைத்தவர்களுக்குப் பொழுது போகவில்லை. ஒருநாள் மருத்துவமனை வளாகத்தில் குட்மன் ஒரு காட்சியைப் பார்த்தார். நோயாளிகள் சிலர் சக்கர நாற்காலிகளில் உட்கார்ந்தபடி, கைத்தடிகளைத் தலைகீழாகப் பிடித்து ஒரு வட்டத் தட்டை அடித்துத் துரத்திக்கொண்டிருந்தார்கள்.

வேறொரு மருத்துவராக இருந்திருந்தால் அதட்டி அறைக்கு அனுப்பியிருப்பார். குட்மன் விளையாட்டையே மருந்தாக எழுதிக் கொடுத்தார். 1948 ஜூலை 29 அன்று லண்டனில் ஒலிம்பிக் தொடங்கியது. அதே நாளில் ஸ்டோக் மாண்டவிலின் புல்வெளியில் பதினான்கு ஆண்களும் இரண்டு பெண்களும் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டார்கள். பின்னாளில் பாராலிம்பிக் என்று உலகம் அழைத்த பெருநதியின் ஊற்று அந்தப் பதினாறு பேர்தான்.

அமெரிக்காவில் அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1946இல், போர் வீரர்கள் சக்கர நாற்காலியில் கூடைப்பந்து ஆடத் தொடங்கியிருந்தார்கள். கலிஃபோர்னியாவின் வான் நைஸ் நகர வீரர்கள் ‘பறக்கும் சக்கரங்கள்’ என்று அணிக்குப் பெயர் வைத்து நாடு முழுக்கச் சுற்றினார்கள். பெயரில்தான் பறப்பு. அடியில் இருந்தது மருத்துவமனைக்கென்று செய்த அதே எஃகு நாற்காலி. வில்லெய்ய அசையாத நாற்காலி போதும். பந்தைத் துரத்துகிறவருக்கு இருபத்திரண்டு கிலோ எஃகு பெரும்பாரம். அதை உருட்டி, நிறுத்தி, திருப்பி மறுபடி உருட்டுவதற்குள் எதிரணி கூடையில் பந்தைப் போட்டுவிடும். வீரர்கள் கைத்தாங்கியைக் கழற்றி எறிந்தார்கள், கால்மிதியை அறுத்தார்கள். சட்டத்தின் எடையை மட்டும் யாராலும் குறைக்க முடியவில்லை. அதற்கான விடை வேறெங்கோ, நாற்காலியைப் பற்றி நினைத்தே பார்த்திராத ஒருவர் வீட்டில் உருவாகிக்கொண்டிருந்தது.

அதே 1948. அமெரிக்காவின் வெர்ஜீனியா மாநிலம். விமான ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்த ஃபிரான்சிஸ் ரொகாலோ என்ற பொறியாளருக்கு ஓர் ஆசை இருந்தது. சாமானியனும் காசு அதிகம் செலவழிக்காமல் பறக்கவேண்டும். அதற்கு உலோகச் சிறகு வேண்டாம், காற்றே உருவம் கொடுக்கும் துணிச் சிறகு போதும் என்று அவர் நம்பினார். ஆய்வுக்கூடம் அதில் ஆர்வம் காட்டவில்லை. ரொகாலோ வீட்டிலேயே மின்விசிறி ஒன்றை வைத்து ஒரு காற்றுச் சுரங்கம் அமைத்தார். சிறகுக்குத் துணி வேண்டுமே? மனைவி கெர்ட்ரூடு சமையலறை ஜன்னலில் தொங்கிய பூப்போட்ட திரைச்சீலையை எடுத்துத் தைத்துக் கொடுத்தார்.

திரைச்சீலை பறந்தது. 1951இல் கணவன் மனைவி இருவர் பெயரிலும் காப்புரிமை வந்தது. வாங்கத்தான் ஆளில்லை. பல வருடங்கள் அது குழந்தைகளுக்கான பட்டமாகத்தான் விற்பனை ஆனது. 1957இல் சோவியத் யூனியன் ஸ்புட்னிக்கை ஏவியதும் நிலைமை தலைகீழானது. விண்வெளியிலிருந்து திரும்பும் கலத்தைத் தரையிறக்க நாசா வழி தேடியது. பட்டம் தேசிய ஆராய்ச்சி ஆனது. ஜெமினி விண்கலம் ரொகாலோ சிறகை விரித்துக்கொண்டு மெல்லத் தரையில் வந்து இறங்கும் என்று திட்டம் போட்டார்கள், பெரும்பணம் செலவழித்துச் சோதித்துப் பார்த்தார்கள். சோதனைகள் இழுத்துக்கொண்டே போயின. கடைசியில் நாசா பழைய பாராசூட்டுக்கே திரும்பியது. 1964இல் திரைச்சீலையின் விண்வெளிக் கனவு முடிந்தது. ஆனால் அந்தச் சிறகின் புகைப்படம் ஒன்று பத்திரிகை வழியாகப் பூமியின் மறுகோடிக்குப் போயிருந்தது.

ஆஸ்திரேலியாவின் கிராஃப்டன் சிறிய ஊர். ஜகரந்தா மரங்கள் பூக்கிற காலத்தில் அங்கே ஆற்றங்கரையில் திருவிழா நடக்கும். 1963இல் உள்ளூர் நீர்ச்சறுக்குச் சங்கத்தினர் விழாவுக்கு ஒரு பறக்கும் பட்டம் செய்து தரச்சொல்லி ஜான் டிக்கென்சன் என்பவரைக் கேட்டார்கள். அவர் மின்னணுக் கருவிகளைப் பழுதுபார்ப்பவர். ரொகாலோ சிறகின் படம் அவர் கண்ணில் பட்டது. சிறகு சரி, அதில் தொங்குகிற மனிதன் அதை எப்படித் திருப்புவான்? மகளை ஊஞ்சலில் வைத்து ஆட்டும்போது அவருக்கு விடை பிடிபட்டது. மனிதன் ஊஞ்சல்போலத் தொங்கட்டும், முன்னால் ஒரு முக்கோணக் கம்பி இருக்கட்டும், அதைப் பிடித்து உடலை எந்தப் பக்கம் நகர்த்துகிறானோ அந்தப் பக்கம் சிறகு திரும்பும். கையில் இருந்த பணம் கொஞ்சம். சிறகுக்கு அவர் எடுத்தது வாழைத்தோட்டத்தில் தார்களை மூடிக் கட்டுகிற பிளாஸ்டிக் தாள்.

வாழைத்தாருக்குப் போர்த்துவது மனிதனைத் தூக்கிக்கொண்டு ஆற்றின் மேல் பறந்தது. அதுதான் இன்றைய ஹாங் கிளைடரின் முன்னோடி. டிக்கென்சனிடம் கற்றவர்களில் ஒருவரான பில் பென்னட் 1969இல் அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார். கலிஃபோர்னியா இளைஞர்களுக்குப் பித்துப் பிடித்தது. 1971இல் நியூபோர்ட் பீச் பக்கத்துக் குன்றில் மூங்கிலையும் பிளாஸ்டிக்கையும் கட்டிக்கொண்டு குதித்தவர்கள் சில வருடங்களுக்குள் தேறிவிட்டார்கள். பாய்மரத் துணியும் அலுமினியக் குழாயும் வந்தன. ஹாங் கிளைடரைக் கட்டுகிறவன் இரண்டு கணக்குகளைச் சேர்த்துப் போடவேண்டும். அதைத் தோளில் சுமந்து மலையேற வேண்டும் என்பதால் குழாய் இலேசாக இருக்கவேண்டும். நடுவானில் அதில்தான் உயிர் தொங்குகிறது என்பதால் உடையவும் கூடாது. விமானத் தொழிலுக்கென்று பதப்படுத்திய அலுமினியக் கலவை இரண்டுக்கும் ஈடுகொடுத்தது. எஃகின் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. கலிஃபோர்னியாவின் ஷெட்டுகளில் இந்தக் குழாயை அறுத்து, வளைத்து, துளைபோட்டுப் பொருத்தும் கைத்திறன் கொண்ட ஒரு தலைமுறையே உருவாகியிருந்தது. அவர்களில் யாருக்கும் சக்கர நாற்காலியோடு எந்தச் சம்பந்தமும் இல்லை. அதுவரை.

சக்கர நாற்காலி உலகம் இந்தக் காலமெல்லாம் என்ன செய்துகொண்டிருந்தது? வருத்தமான பதில்தான். மனிதன் நிலவில் இறங்கிவிட்டான், எக்ஸ் சட்டம் மட்டும் 1930களிலேயே நின்றுகொண்டிருந்தது. ஒரு நோயாளியும் அவருடைய நண்பரும் கார் கொட்டகையில் தொடங்கிய நிறுவனம் சந்தையையே கையில் வைத்திருக்கும் ஜாம்பவான் ஆகிவிட்டது. வாங்குகிறவர்களுக்கு வேறு கதி இல்லை. 1977இல் அமெரிக்க நீதித்துறையே அந்த நிறுவனத்தின் ஏகபோகத்தை எதிர்த்து வழக்குத் தொடுத்தது. வழக்கு பின்னர் சமரசத்தில் முடிந்தது. தன் தேவைக்காக நண்பரைக்கொண்டு நாற்காலி செய்துகொண்ட ஒருவரின் பெயரைத் தாங்கிய நிறுவனம், மற்றவர்களின் தேவைக்குக் காது கொடுக்காமல் போனது இந்தக் கதையிலேயே மிகவும் உறுத்துகிற இடம்.

காது கொடுக்காவிட்டால் என்ன, வாடிக்கையாளர்களே ரம்பத்தை எடுத்தார்கள்.

பாப் ஹால் சிறுவயதில் போலியோவால் பாதிக்கப்பட்டவர். 1975இல் பாஸ்டன் மாரத்தானில் கலந்துகொள்ள வேண்டும் என்று போட்டி இயக்குநர் வில் குளோனியிடம் கேட்டார். சக்கர நாற்காலிக்கு அங்கே அதிகாரபூர்வமான இடம் இல்லை. குளோனி ஒரு நிபந்தனை போட்டார். மூன்று மணி நேரத்துக்குள் முடித்தால் மற்ற ஓட்டக்காரர்களுக்குக் கொடுக்கிற அதே சான்றிதழ் கிடைக்கும். நாற்பத்திரண்டு கிலோமீட்டர், நடுவில் மேடுகள், கையால் உருட்டவேண்டிய நாற்காலி. ஹால் எல்லைக்கோட்டைத் தாண்டியபோது கடிகாரம் 2 மணி 58 நிமிடம் காட்டியது. சான்றிதழைக் கையில் வாங்கிய பிறகு, பந்தய நாற்காலிகளைத் தானே வடிவமைத்துச் செய்வதில் அவர் இறங்கினார்.

மறுவருடம், 1976இல், பதினெட்டு வயது பிராட் பார்க்ஸ் பனிச்சறுக்கில் விழுந்து தண்டுவடம் அடிபட்டார். மறுவாழ்வுச் சிகிச்சையின்போது ஜெஃப் மின்னிபிரேக்கர் என்ற இளைஞரைச் சந்தித்தார். மின்னிபிரேக்கர் தன் கையாலேயே இலேசான நாற்காலி செய்து, அதில் உட்கார்ந்து டென்னிஸ் ஆடிக்கொண்டிருந்தார். இருவரும் சேர்ந்து ஆடினார்கள். மற்ற எல்லா விதிகளையும் அப்படியே வைத்துக்கொண்டு ஒன்றை மட்டும் மாற்றினார்கள். பந்து இரண்டு முறை தரையில் பட்டு எழலாம். அந்த ஒரு சலுகையில் சக்கர நாற்காலி டென்னிஸ் பிறந்தது. ஆனாலும் கலிஃபோர்னியா முழுக்க இப்படிப்பட்ட நாற்காலிகள் விரல்விட்டு எண்ணக்கூடிய அளவில்தான் இருந்தன. அவரவர் ஷெட்டில் அவரவர் செய்துகொண்டவை. கடையில் போய்க் கேட்டால் கிடைத்தது பழைய எக்ஸ்தான்.

1978. கலிஃபோர்னியாவின் மலைப்பக்கம். மேரிலின் ஹாமில்டனுக்கு இருபத்தொன்பது வயது. டென்னிஸ், பனிச்சறுக்கு, ஹாங் கிளைடர் என்று ஓரிடத்தில் நிற்காத பெண். ஒருநாள் அவருடைய கிளைடர் மலைச்சரிவில் மோதியது. கண்விழித்தபோது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை.

ஜன்னல் திரையில் தொடங்கி, விண்வெளியை எட்டிப்பார்த்து, வாழைத்தோட்டத்தின் வழியாக வந்த சிறகு கடைசியில் ஒரு பெண்ணின் முதுகெலும்பை உடைத்துவிட்டுத் தரையில் கிடந்தது. சோகக் கதையாக இருந்தால் இங்கேயே முடிந்திருக்கும். மருத்துவமனை அவருக்கு ஒரு நாற்காலி கொடுத்தது. எஃகு, இருபது கிலோவுக்கு மேல், குரோம் பூச்சு, பின்னால் தள்ளுவதற்கு இரண்டு கைப்பிடிகள். உடல் செயலிழந்ததைவிட அந்த நாற்காலியில் அடைபட்டது அவருக்குப் பொறுக்கவில்லை. டென்னிஸ் களத்தில் அதை உருட்டிப் பார்த்தார். திரும்ப மறுத்தது. மடங்குகிற சட்டம் என்பதால் ஒவ்வொரு தள்ளலின்போதும் மூட்டுகள் நெளிந்து, கையின் பலத்தில் ஒரு பகுதியை விழுங்கின.

ஹாமில்டனுக்கு இரண்டு நண்பர்கள் இருந்தார்கள். டான் ஹெல்மன், ஜிம் ஒகமோட்டோ. இருவருக்கும் மருத்துவக் கருவிகளைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவர்களுக்குத் தெரிந்த தொழில் ஒன்றே ஒன்றுதான். ஹாங் கிளைடர் செய்வது.

ஹாமில்டன் அவர்களிடம் கேட்டார், கிளைடர் கட்டுகிற அதே குழாயில் எனக்கு ஒரு நாற்காலி கட்டித் தர முடியுமா?

எந்தப் பொருள் தன்னைத் தரையில் அறைந்ததோ அந்தப் பொருளின் எலும்பையே அவர் கேட்டார். இதை எத்தனை முறை நினைத்துப் பார்த்தாலும் எனக்கு வியப்பு அடங்குவதில்லை. பகையோ பயமோ அந்தக் கேள்வியில் இல்லை. பறந்த அனுபவம் இருந்தது. இலேசான குழாய் என்ன செய்யும் என்பது அவருடைய தோளுக்குத் தெரியும், மலையேறும்போது சுமந்த தோள் அது.

ஹெல்மனும் ஒகமோட்டோவும் ஷெட்டில் வேலையைத் தொடங்கினார்கள். மருத்துவமனை நாற்காலியைப் பார்த்துப் படியெடுக்கும் பழக்கம் இல்லாதது நல்லதாகப் போயிற்று. எதற்காக இவ்வளவு இரும்பு, எதற்காக இத்தனை மூட்டு என்று ஒவ்வொரு துண்டையும் கிளைடர்காரர்களின் கண்ணால் பார்த்தார்கள். மடங்கும் சட்டத்தையே விட்டுவிட்டார்கள். விறைப்பாக நிற்கும் ஒரே கூடு, நெளிய மூட்டு கிடையாது. கை கொடுத்த விசை நேராகச் சக்கரத்துக்குப் போகும். தேவையற்ற தாங்கிகள் போயின. முடித்துத் தராசில் வைத்தபோது எடை சுமார் பன்னிரண்டு கிலோ. பழையதில் பாதி.

ஹாமில்டன் அதில் உட்கார்ந்து கையை ஒரு முறை வீசினார். நாற்காலி திரும்பியது.

செய்தி பரவியது. எங்கே வாங்கினீர்கள் என்று கேட்டவர்கள் அதிகமானார்கள். 1980 வாக்கில் மூவரும் சேர்ந்து ‘மோஷன் டிசைன்ஸ்’ என்ற சிறு நிறுவனத்தை நடத்திக்கொண்டிருந்தார்கள். நாற்காலிக்கு வைத்த பெயர் ‘க்விக்கி’, அதாவது விரைவி. சந்தையை நாற்பது வருடங்களாகக் கட்டிவைத்திருந்த ஜாம்பவானுக்கு எதிரே கிளைடர் செய்கிற ஷெட். மூன்றே பேர். தாக்குப்பிடிப்பார்களா?

அங்கேதான் ஹாமில்டன் இன்னொரு காரியம் செய்தார். பொறியியல் கணக்கில் அதற்கு மதிப்பே கிடையாது, ஆனால் எடையைப் பாதியாக்கியதற்கு அது கொஞ்சமும் குறைந்ததில்லை என்பேன். அவர் நாற்காலிக்கு வண்ணம் அடித்தார். அதுவரை சக்கர நாற்காலி என்றால் குரோமின் வெளிறிய பளபளப்பு, மருத்துவமனை வாசனையை நினைவூட்டுகிற நிறம். க்விக்கி பளிச்சென்ற வண்ணங்களில் வந்தது. சைக்கிள் வாங்குகிற பிள்ளை நிறம் பார்த்துத் தேர்ந்தெடுப்பதுபோல நாற்காலி வாங்குகிறவர் தனக்குப் பிடித்த நிறத்தைக் கேட்டு வாங்கினார். பார்க்கிறவர்களின் கண் முதலில் உட்கார்ந்திருப்பவரின் காலைத் தேடாமல் நாற்காலியைப் பார்த்தது. கேள்விகளும் மாறின. என்ன ஆயிற்று உங்களுக்கு என்று கேட்டவர்கள், எங்கே கிடைக்கும் இது என்றார்கள்.

ஹாமில்டன் தன் தயாரிப்பைக் களத்திலேயே நிரூபித்தார். அமெரிக்க ஓப்பன் சக்கர நாற்காலி டென்னிஸில் பெண்கள் பட்டத்தை இரண்டு முறை வென்றார். 1986இல் சன்ரைஸ் மெடிக்கல் என்ற பெருநிறுவனம் மோஷன் டிசைன்ஸை விலைக்கு வாங்கியது. எவரெஸ்ட் அண்ட் ஜென்னிங்ஸ் உட்படப் பழைய நிறுவனங்களும் வேறு வழியில்லாமல் இலேசான நாற்காலிகளின் பக்கம் திரும்பின.

எடைப் பிரச்சினை தீர்ந்ததும் உள்ளே ஒளிந்திருந்த மற்ற பிரச்சினைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. இலேசான நாற்காலி வேகமாகப் போனது, வேகமாகத் திரும்பும்போது பக்கவாட்டில் கவிழ்ந்தது. விளையாட்டு வீரர்கள் சக்கரங்களின் மேல்பகுதியை உள்ளே சாய்த்து அடிப்பகுதியை வெளியே அகட்டினார்கள். கால்களை அகட்டி நிற்கிறவனை எளிதில் தள்ளிவிட முடியாதல்லவா? முன்பக்கத்திலிருந்து பார்த்தால் இரண்டு சக்கரங்களும் கூரை வடிவில் தெரிந்தன. ஒரு காரணத்துக்காகச் செய்த சாய்வு மூன்று நன்மைகளைக் கொண்டுவந்தது. நாற்காலி கவிழவில்லை. திரும்புவது இன்னும் எளிதானது. கூடைப்பந்தில் இரண்டு நாற்காலிகள் மோதும்போது சக்கரங்களின் அடிப்பகுதிகள்தான் முதலில் முட்டின, மேலே பிடித்திருந்த விரல்கள் நசுங்காமல் தப்பின. கூடைப்பந்து, ரக்பி நாற்காலிகளில் இந்தச் சாய்வு பதினைந்து முதல் இருபது டிகிரி வரை போனது.

அடுத்து அச்சு. பின்சக்கரத்தின் அச்சை முன்னால் நகர்த்தி, உட்காருகிறவரின் இடுப்புக்கு நேர்கீழே கொண்டுவந்தால் நாற்காலி பம்பரமாகச் சுழன்றது. ஆனால் கையை வேகமாக வீசினால் முன்பக்கம் எழும்பி மல்லாக்க விழுந்தது. எத்தனையோ பின்மண்டைகள் தரையில் பட்ட பிறகு, முதுகுக்குக் கீழே குட்டிச் சக்கரம் ஒன்று முளைத்தது. விழப்போனால் அது தாங்கியது. ரக்பி நாற்காலிகளுக்கு மோதலைத் தாங்கும் கவசத் தட்டுகள் வந்தன. மாரத்தான் நாற்காலி வேறு திசையில் போனது. முன்னால் ஒற்றைச் சக்கரத்தை நீட்டி, வீரரை மண்டியிட்ட நிலையில் குனியவைத்து, காற்றைக் கிழிக்கும் அம்பாக மாறியது. கை உந்துகிற வளையத்தையும் சிறிதாக்கினார்கள். சைக்கிளில் பெரிய கியர் போடுவதுபோல, ஒரு தள்ளலுக்குச் சக்கரம் அதிகத் தூரம் ஓடியது. ஒவ்வொரு விளையாட்டும் தனக்கென்று ஒரு நாற்காலியைப் பெற்றெடுத்தது. ஒன்றில் உட்காருகிறவர் மற்றொன்றில் ஆட முடியாத அளவுக்கு அவை பிரிந்துபோயின.

இந்த மாற்றங்களில் பெரும்பாலானவை வரைபட மேசையில் பிறக்கவில்லை. ஆட்டம் முடிந்து வியர்வையோடு ஷெட்டுக்கு வந்த வீரர், இன்று இந்த இடத்தில் தடுக்கியது என்று விரலால் தொட்டுக் காட்டிய இடத்தில் பிறந்தவை. இடுப்பின் அகலம், எந்த எலும்பு வரை உணர்ச்சி இருக்கிறது, வயிற்றுத் தசை வேலை செய்கிறதா என்பதையெல்லாம் அளந்து, தையல்காரர் சட்டை தைப்பதுபோல ஆளுக்கொரு நாற்காலி கட்டுகிற தொழில் அப்படித்தான் வளர்ந்தது.

1988இல் சியோல் பாராலிம்பிக்கில் சக்கர நாற்காலி டென்னிஸ் காட்சிப் போட்டியாக இடம்பெற்றது. 1992இல் பார்சிலோனாவில் பதக்கம் உண்டு. இரண்டு துள்ளல் விதி அப்படியே இருந்தது. 2024 ஏப்ரலில் சுவிட்சர்லாந்தின் மார்செல் ஹக் பாஸ்டன் மாரத்தானை 1 மணி 15 நிமிடம் 33 விநாடியில் முடித்தார், அதுவும் நடுவில் ஒரு திருப்பத்தில் தடுப்பில் மோதிக் கவிழ்ந்து எழுந்த பிறகு. பாப் ஹால் ஒரு சான்றிதழுக்காக 2 மணி 58 நிமிடம் உருட்டிய அதே ஊர்ப் போட்டி.

தொலைக்காட்சியில் பாராலிம்பிக் ஓடும்போது சாய்ந்த சக்கரங்களும் மெல்லிய குழாயுமாகச் சுழல்கிற அந்த நாற்காலி இன்று யாருக்கும் புதிதில்லை. அதன் முதுகில் பழைய இரண்டு கைப்பிடிகள் இல்லை. எப்போது போயின என்று யாரும் தேதி குறித்து வைக்கவில்லை. தள்ளுவதற்கு ஆள் நிற்காத இடத்தில் அவை தாமாக உதிர்ந்துபோயின.

களத்தில் பிறந்தது வீட்டுக்கும் திரும்பி வந்தது. ஆடாதவர்களும் மடங்காத இலேசான சட்டத்தைத் தினசரி வாழ்க்கைக்குக் கேட்டு வாங்கத் தொடங்கினார்கள். 2025இல் சென்னை ஐஐடி ‘ஒய்டி ஒன்’ என்ற நாற்காலியை அறிமுகப்படுத்தியது. விறைத்த ஒற்றைக் குழாய்ச் சட்டம், எடை 9 கிலோ, உட்காருகிறவரின் அளவுக்கு ஏற்பச் செய்தது.

இப்படிப்பட்ட நாற்காலியில் வருகிறவர் காரின் ஓட்டுநர் இருக்கைக்கு மாறி உட்கார்ந்துகொள்கிறார். குனிந்து பொத்தானை அழுத்தி இரண்டு சக்கரங்களையும் உருவிப் பின்னிருக்கையில் போடுகிறார். மிச்சமிருக்கும் சட்டத்தை ஒற்றைக் கையால் தூக்கி, தன் மடி மேலாகக் கொண்டுபோய்ப் பக்கத்து இருக்கையில் வைக்கிறார். கதவைச் சாத்திக்கொண்டு வண்டியைக் கிளப்புகிறார். ஹெர்பர்ட் எவரெஸ்ட் கேட்டது காருக்குள் நுழைகிற நாற்காலி ஒன்றைத்தான்.